சைக்ளோஸ்போரின் பிறந்த கதை

1969-இல் சாண்டோஸ் மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் விடுமுறைக்கு நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்துக்குப் போனார். திரும்பும்போது கொஞ்சம் மண் எடுத்துவந்தார். வெளியூர் போனால் மண் கொண்டுவருவது அந்த நிறுவனத்தில் வழக்கம். மண்ணிலுள்ள பூஞ்சைகளில் புதிய ஆன்டிபயாட்டிக் கிடைக்குமா என்ற தேடல் அது. அந்த வகையில், அவர் கொண்டுவந்த மண்ணில் கிடைத்த பூஞ்சை பெரிதாகத் தேறவில்லை. ஆனால் 1972-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்டேஹலினும் போரெலும் அதன் வேறொரு குணத்தைக் கண்டார்கள். அதிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் மற்ற செல்களைக் கொல்லாமல் நோயெதிர்ப்பாற்றலை மட்டும் அடக்கியது.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அதுவரை பெரிய எதிரி, பெற்றவரின் உடம்பேதான். நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்கள் புதிய உறுப்பின் எச்.எல்.ஏ. என்ற புரத அடையாளத்தைப் பார்க்கும், அந்நியம் என்று தெரிந்தால் இன்டர்லூகின்-2 என்ற தூதுப் புரதத்தைச் சுரந்து, பல்கிப் பெருகித் தாக்கும். சைக்ளோஸ்போரின் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து, அந்தச் சுரப்பை முடக்குகிறது. 1978-இல் கேம்பிரிட்ஜில் அறுவை மருத்துவர் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1983-இல் அமெரிக்கா அனுமதித்தது.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்று நடந்தது. அப்போது பெரும்பாலும் ரத்த உறவில்தான் ஆள் தேடுவார்கள். இந்த மருந்து வந்தபின் முன்பின் தெரியாதவரின் கிட்னியும் உடம்பில் தங்கியது. எத்தனையோ பேர் பிழைத்தார்கள். கூடவே தரகர்களும் வந்தார்கள். சென்னையின் வில்லிவாக்கத்தையே 'கிட்னிவாக்கம்' என்று ஊர் பேசியது. 1994-இல் உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதன் பிறகும், 2007-இல், வடசென்னையின் எர்ணாவூரில், சுனாமியில் வீடிழந்து குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பத்துப் பெண்கள் கடன் தாங்காமல் கிட்னி விற்றது வெளியே வந்தது.

மருந்தின் மேல் குற்றமில்லை. அந்நியருக்கு உடம்பு போட்டிருந்த தடையை அது நீக்கியது. அந்தத் தடைதான் ஏழையின் கிட்னிக்கும் காவலாக இருந்தது; அது நீங்கியதும், ஏழையைக் காக்கும் பொறுப்பு அன்றே நம் கைக்கு வந்துவிட்டது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி வழங்கும் திட்டத்தைத் தமிழகம் 2008-இல் தொடங்கியது நல்ல பதில்.

இன்று பலருக்கும் சைக்ளோஸ்போரின் இடத்தில் டாக்ரோலிமஸ் என்ற மருந்து. அதுவும் மண்ணில், ஜப்பானிய மண்ணில், கிடைத்ததுதான். கிட்னி பெற்றவர் அவ்வப்போது காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்து, மருந்தின் அளவைப் பார்க்கிறார். கிட்னி கொடுத்தவருக்கும் ஆண்டுதோறும் பிரஷரும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். எர்ணாவூரில் ஒற்றைக் கிட்னியோடு வாழும் பெண்களுக்கு அதை வீட்டுக்கு அருகிலேயே, இலவசமாகச் செய்துதருவது நம் கடமை.