நிறுவனமும் மனிதரும்: இஸ்ரேல் மீதான கல்விப் புறக்கணிப்பின் வரலாறு

ஒரு நாட்டு அரசின் செயல்களைக் கண்டித்து, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் கூட்டு ஆய்வு, மாநாடு, ஆசிரியர் பரிமாற்றம், நிதிப் பங்கீடு ஆகியவற்றைப் பிறநாட்டு அறிஞர்கள் மறுப்பது கல்விப் புறக்கணிப்பு எனப்படும். இஸ்ரேல்-பாலஸ்தீனப் பிணக்கில் பேராசிரியர்கள் 2002 முதல் இக்கருவியைக் கையிலெடுத்தபோது எழுந்த வாக்கெடுப்புகள், வழக்குகள், பிளவுகள் அனைத்துக்கும் அடியில் ஒரே கேள்வி இருந்தது: பல்கலைக்கழகம் என்னும் நிறுவனத்தை விலக்கும்போது, அதில் பணியாற்றும் தனி மனிதரைத் தண்டிக்காமல் இருக்க முடியுமா?

இக்கருவிக்கு முன்மாதிரியாக அமைந்தது தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு ஜாக் சைமன்ஸ், எடி ரூ ஆகிய இரு பல்கலைக்கழக ஆசிரியர்கள் மீது கற்பித்தல் தடை விதித்ததைக் கண்டித்து, 1965-இல் பிரிட்டனின் 496 பல்கலைக்கழக ஆசிரியர்கள், இனப் பாகுபாடு கடைப்பிடிக்கும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் பதவி ஏற்பதில்லை என உறுதி அறிவித்தனர். 1980-இல் ஐ.நா. பொதுச் சபையும் அத்தகைய புறக்கணிப்பை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், கல்வி உறவை மறுப்பதும் அரசியல் போராட்டத்தின் ஒரு வழியாகலாம் என்ற நம்பிக்கை பல அறிஞர்களிடம் வேரூன்றியது.

2002 மார்ச் மாதம் நெதன்யா நகர விடுதியொன்றில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் 30 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இஸ்ரேலியப் படைகள் மேற்குக் கரை நகரங்களுக்குள் நுழைந்தன. அந்த வன்முறைச் சூழலில், ஏப்ரல் 6 அன்று கார்டியன் நாளிதழில் ஒரு திறந்த மடல் வெளியானது. மூளை அறிவியலாளர் ஸ்டீவன் ரோஸ், சமூகவியலாளர் ஹிலாரி ரோஸ் ஆகியோர் முன்னெடுத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட அம்மடல், இஸ்ரேல் ஐ.நா. தீர்மானங்களை ஏற்று, உண்மையான அமைதிப் பேச்சைத் தொடங்கும் வரை, அதன் ஆய்வு நிறுவனங்களுக்கு ஐரோப்பிய நிதி வழங்குவதை நிறுத்திவைக்கக் கோரியது.

நிதியைப் பற்றிய இக்கோரிக்கை சில வாரங்களிலேயே மனிதரைப் பற்றிய சர்ச்சையாக உருமாறியது. மான்செஸ்டரில் மொழிபெயர்ப்பியல் பேராசிரியராக இருந்த மோனா பேக்கர், தாம் நடத்திய இரு இதழ்களின் குழுக்களிலிருந்து மிரியம் ஷ்லெசிங்கர், கிடியோன் டூரி என்னும் இரு இஸ்ரேலிய அறிஞர்களை அவ்வாண்டே நீக்கினார். புறக்கணிப்பது நிறுவனங்களையே, மனிதர்களை அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. ஆயினும் பதவி இழந்த ஷ்லெசிங்கர், இஸ்ரேலில் அம்னெஸ்டி அமைப்பின் தலைவராக இருந்து மனித உரிமைக்காக உழைத்தவர் என்பதால், எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. மறு ஆண்டு ஆக்ஸ்போர்டில், இஸ்ரேலிய ராணுவத்தில் பணியாற்றியதைக் காரணம் காட்டி ஒரு மாணவரின் ஆய்வு விண்ணப்பத்தை மறுத்த பேராசிரியரைப் பல்கலைக்கழகம் இரு மாதம் ஊதியமின்றி இடைநீக்கம் செய்தது. இவ்விரு நிகழ்வுகளும் புறக்கணிப்பின் நியாயத்துக்கு வலுச் சேர்க்கவில்லை. அதன் எல்லையை வகுக்க வேண்டிய கட்டாயத்தையே வெளிப்படுத்தின.

அவ்வெல்லையை வகுக்கும் பணியைப் பாலஸ்தீன அறிஞர்களே ஏற்றனர். மேற்குக் கரையின் பிர்ஸெயித் பல்கலைக்கழகத்தை இஸ்ரேலிய ராணுவம் 1988 தொடக்கம் முதல் 1992 வரை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக மூடி வைத்திருந்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. கல்விச் சுதந்திரம் என்ற சொல் ஒரு தரப்பினருக்கு மட்டுமே உரியதாகப் பேசப்படுவது அவர்களால் ஏற்க இயலாததாக இருந்தது. 2004-இல் ராமல்லாவில், சமூகவியலாளர் லிசா தராக்கி, ஒமர் பர்கூத்தி முதலானோர் கல்வி, பண்பாட்டுப் புறக்கணிப்புக்கான பாலஸ்தீன இயக்கத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூலை 9 அன்று பன்னாட்டு நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் இஸ்ரேல் எழுப்பிய சுவர் சட்டவிரோதமானது என ஆலோசனைக் கருத்து வழங்கியது. அதாவது, அக்கருத்து அரசுகளைக் கட்டுப்படுத்தாவிடினும் சட்ட நோக்கில் மதிப்புடையது. அதன் முதலாண்டு நிறைவில், 2005-இல், 170-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனக் குடிமை அமைப்புகள் பொதுவான புறக்கணிப்பு அழைப்பை விடுத்தன.

அதே ஆண்டு ஏப்ரலில், பிரிட்டனின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் ஹைஃபா, பார்-இலான் ஆகிய இரு பல்கலைக்கழகங்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. 1948 போரில் பாலஸ்தீனக் கிராமமான தந்தூராவில் நடந்ததாகக் கூறப்பட்ட படுகொலையை ஆராய்ந்த முதுகலை ஆய்வேட்டையும், அதை ஆதரித்த வரலாற்றாசிரியர் இலான் பாப்பேயையும் ஹைஃபா நடத்திய விதமும், மேற்குக் கரைக் குடியேற்றமான அரியேலில் இருந்த கல்லூரியுடன் பார்-இலான் கொண்டிருந்த தொடர்பும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஹைஃபா இக்குற்றச்சாட்டை மறுத்தது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பவே, மே 26 அன்று ஆசிரியர் சங்கம் சிறப்புக் கூட்டம் கூட்டித் தீர்மானத்தை நீக்கியது. அம்மாதமே பாலஸ்தீனரின் அல்-குத்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் சாரி நுசைபெயும் இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத் தலைவர் மெனாகெம் மகிதோரும் புறக்கணிப்பை எதிர்த்துக் கூட்டறிக்கை வெளியிட்டது, பாலஸ்தீனத் தரப்பிலும் ஒருமித்த கருத்து இல்லை என்பதைக் காட்டியது. 2007-இல் பிரிட்டனில் அச்சங்கத்தின் வழிவந்த புதிய ஆசிரியர் சங்கம் மீண்டும் இவ்விவாதத்தைக் கையிலெடுத்தபோது, புறக்கணிப்பு அழைப்பு பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு முரணாகலாம் என்ற சட்ட ஆலோசனையே அதை நிறுத்தியது.

பின்னர் மையம் அமெரிக்காவுக்கு மாறியது. அங்கே துறைசார் சங்கங்களின் வாக்கெடுப்பே அரங்கமாயிற்று. 2013 டிசம்பரில் அமெரிக்க ஆய்வியல் சங்கம், வாக்களித்த 1,252 பேரில் சுமார் 66 விழுக்காட்டினர் ஆதரிக்கப் புறக்கணிப்பை ஏற்றது. அமெரிக்க மானுடவியல் சங்கத்தில் 2016-இல் 39 வாக்கு வித்தியாசத்தில் தோற்ற தீர்மானம், 2023-இல் 835-க்கு எதிராக 2,016 வாக்குகளால் வென்றது. இஸ்ரேலுக்குள்ளும் குரல்கள் எழுந்தன; பென்-குரியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நெவே கோர்டன் 2009-இல் புறக்கணிப்பை வெளிப்படையாக ஆதரித்தார். அத்தகைய அழைப்பு விடுப்போர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடர இடமளிக்கும் சட்டத்தை இஸ்ரேலிய நாடாளுமன்றம் 2011-இல் இயற்றியது.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய கொடிய தாக்குதலும், அதைத் தொடர்ந்த போரில் காசாவின் பல்கலைக்கழகங்கள் சேதமுற்றதும் இடிக்கப்பட்டதும் இவ்விவாதத்தை மாற்றியமைத்தன. 2006-இல் கல்விப் புறக்கணிப்பை முற்றாக எதிர்த்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், 2024 ஆகஸ்டில், கல்விச் சுதந்திரத்தைத் தாமே மீறும் நிறுவனங்களுக்கு எதிராக அது முறையான வழியாகலாம் என்றும், அரசியல், சமயச் சோதனை வைக்கவோ தனி அறிஞரைக் குறிவைக்கவோ கூடாது என்றும் அறிவித்தது. பாலஸ்தீன இயக்கம் 2014-இல் திருத்திய தன் வழிகாட்டு நெறிகளிலும் ஏறத்தாழ இவ்வெல்லையையே வரைந்திருந்தது.

ஆக, எதிரெதிர் முகாம்களில் தொடங்கிய இரு தரப்பும், இருபதாண்டுப் பூசலுக்குப் பின் ஒரே விதியை நெருங்கியுள்ளன. பிறப்பையோ கடவுச்சீட்டையோ கொண்டு ஓர் அறிஞரை விலக்குவது நீதியாகாது. அதேபோல, மூடப்பட்ட வகுப்பறைகளையும் இடிந்த நூலகங்களையும் காணாமல் கல்விச் சுதந்திரத்தைப் பேசுவதும் நேர்மையாகாது. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்காத எந்த நிலைப்பாடும், அது புறக்கணிப்பை ஆதரிப்பதாயினும் எதிர்ப்பதாயினும், கல்வியின் பெயரால் பேசும் தகுதியை இழக்கிறது.