தீவனத்துள் மறைந்தவை

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. பண்டத்தரிப்பு முதலாய வலிகாமத்து ஊர்களிலே அச்செல்வம் வீட்டு வளவிலேயே வளர்வது. வைக்கோலும் குழையும் இட்டு, தவிட்டையும் பிண்ணாக்கையும் தண்ணீரிற் கரைத்து வைப்பர். பிண்ணாக்கைப் பிட்டு மோந்து பார்த்தே அதன் நன்மை தீமையை இல்லத்தார் அறிந்தனர். ஊர்ச் செக்கில் எண்ணெய் ஆட்டிய காலத்தில் அச்சோதனை ஓரளவு போதியதாயிற்று. ஆலைகளில் அரைபட்ட தீவனம் கடல்கடந்து செல்லத் தொடங்கியபின், கண்ணும் மூக்கும் மட்டும் போதவில்லை. அவ்விடத்தே நுணுக்குக்காட்டி துணையாயிற்று.

அதற்கு வழிகாட்டியது மனிதர் உணவைப் பற்றிய ஆராய்ச்சியே. இலண்டன் வைத்தியரான ஆதர் ஹில் ஹசல் 1850இல் கோப்பித்தூளை நுணுக்குக்காட்டியால் நோக்கி, அதிற் கலந்திருந்த சிக்கரி வேரின் தூளை வெளிப்படுத்தினார். எத்துணை அரைத்தாலும் தாவரத்தின் கல அமைப்பு முற்றாய் அழிவதில்லை என்பதே இம்முறைக்கு அடிப்படை. பிண்ணாக்கிற் கலந்த ஆமணக்குக் கோதும், தவிட்டிற் கலந்த மரத்தூளும் இவ்வாறே அகப்படும்.

1883இல் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் என்பார் நைதரசனை அளக்கும் முறையைக் கண்டார். அவ்வளவை 6.25ஆற் பெருக்கிப் புரதத்தைக் கணிப்பர். ஆயின் யூரியாவிலும் தோற்கழிவிலும் நைதரசன் உண்டு. அவற்றைக் கலந்தால் கணக்கிற் புரதம் உயர்ந்து தோன்றும். பசுவுக்கோ அந்நன்மை முழுதும் கிட்டாது. இரசாயனம் ‘எவ்வளவு’ என்று சொல்ல, ‘எது’ என்று சொல்வது நுணுக்குக்காட்டி.

1960இல் இங்கிலாந்தில் 100,000க்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. பிரெசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமெனத் தெரிந்தது. அதை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது பங்கசின் இழைகள் காணப்பட்டன. அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் அப்பங்கசு சுரந்த நஞ்சு அஃபிளாட்டொக்சின் எனப் பெயர்பெற்றது. இழையைக் காட்டிய கருவியால் நஞ்சைக் காட்ட இயலவில்லை. அது ஊதாக்கடந்த ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தே அறியப்பட்டது.

1986இல் பிரித்தானியாவில் இனங்காணப்பட்ட மாட்டுப் பித்துநோய், இறைச்சி எலும்புத்தூள் கலந்த தீவனத்தாற் பரவியது. இரைமீட்கும் விலங்குகளுக்கு அத்தகைய தூளை ஊட்டுவது அங்கு 1988இல் தடுக்கப்பட்டது. தடையை மீறியோரை எங்ஙனம் அறிவது? எலும்புத்துணுக்கிலுள்ள நுண்குழிகளே சான்றாயின. நிலவாழ் விலங்கின் எலும்பில் அவை முட்டை வடிவின. மீன்முள்ளில் ஒடுங்கி நீண்டவை. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் இச்சோதனைக்கு நெறிகள் வகுத்தது. ஆயினும் மாட்டெலும்பையும் பன்றியெலும்பையும் இம்முறையாற் பிரித்தறிதல் அரிதாகலின், 2013இல் மரபணுச் சோதனையும் உடன் சேர்க்கப்பட்டது.

தன் எல்லையை அறிந்து பயன்படுத்தப்படும் கருவியே நம்பத்தக்கது. மாரிகாலத்து ஈரத்திற் பூஞ்சணம் பிடித்த தேங்காய்ப் பிண்ணாக்கைக் காயவைத்துத் தட்டினாலும், நஞ்சு உண்டாயிருப்பின் அது அகலாது. பசு உண்ட அஃபிளாட்டொக்சினின் ஒரு கூறு உருமாறிப் பாலிலும் இறங்குகின்றது. ஆதலின் தீவனத்தை ஆராய்தல் தொழுவத்தோடு முடியும் காரியமன்று. பால் பருகும் குழந்தையையும் காக்கும் காரியமாகும்.