பிரீமியம் அழைப்பு

பிரீமியம் என்றதும் நமக்கு எல்.ஐ.சி. தவணைதான் நினைவுக்கு வரும். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு வெகுமதி என்று பொருள். மற்றவர்களுக்கு முன்பாக எடுத்துக்கொள்வது என்பது வேர். ஆங்கிலத்தில் 'வழக்கமான விலைக்கு மேல் கொடுக்கும் தொகை' என்றும் விரிந்து, அந்தப் பொருளில்தான் தொலைபேசியோடு ஒட்டிக்கொண்டது. சாதாரணக் கட்டணத்துக்கு மேல் வசூலித்து, தொலைபேசி நிறுவனமும் சேவை நடத்துபவரும் பங்கு போட்டுக்கொள்ளும் அழைப்பு இது.

அமெரிக்காவில் இதற்கு 900இல் தொடங்கும் எண்கள். 1980இல் அதிபர் தேர்தலுக்கான கார்ட்டர்-ரீகன் விவாதம் முடிந்ததும், வென்றது யார் என்று ஏபிசி தொலைக்காட்சி 50 சென்ட் அழைப்பில் வாக்குக் கேட்டது. 1982இல் நடந்தது இன்னும் வேடிக்கை. 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிகர் எடி மர்ஃபி உயிருள்ள சிங்கி இறால் ஒன்றைக் காட்டி, வேகவைக்கவா விட்டுவிடவா என்று கேட்டார். லட்சக்கணக்கானோர் காசு கொடுத்துத் தீர்ப்புச் சொன்னார்கள்! பிறகு ஜோசியம், அந்தரங்கப் பேச்சு என்று தொழில் கொழித்தது. பிள்ளைகள் அழைத்ததற்குப் பெற்றோர் பில் கட்டினார்கள். 1992இல் சட்டம் வந்தது. கட்டணத்தை முதலிலேயே சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் காசில்லாமல் துண்டிக்க விட வேண்டும் என்று விதிகள் பிறந்தன. மிச்சத்தை இணையம் முடித்துவைத்தது.

மோசடி மட்டும் பிழைத்துக்கொண்டது. ஒரு முறை மணியடித்துவிட்டு வெட்டும் அழைப்புக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'வன்கிரி': 'வன்' ஒன்று, 'கிரி' வெட்டு. ஆசைப்பட்டுத் திருப்பி அழைத்தால் மீட்டர் ஓடும். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.