இளையோர் யதார்த்தப் புனைகதை

பதின்வயதினர் வீட்டிலும் பள்ளியிலும் படும் பாடுகளைப் பூசிமெழுகாமல் அவர்கள் பக்கம் நின்று சொல்லும் கதைவகை. அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ (1967) இதற்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தது. அதை எழுதத் தொடங்கியபோது ஹின்டனும் பள்ளி மாணவிதான்.

நம் பக்கத்தில் 1947-இல் தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’ என்ற சிறுவர் இதழ்கள் வந்தன. அவற்றில் வேதாளத்தையும் விக்கிரமாதித்தனையும் படித்து வளர்ந்த பிள்ளைகள் அங்கிருந்து நேரே பெரியவர்களின் வார இதழ்த் தொடர்கதைக்குத் தாவினார்கள். நடுவில் கிடந்த வயதின் பயத்தையும் அவமானத்தையும் எழுத நெடுங்காலம் ஆள் இல்லை.

திருப்பதி வட்டாரத்தில் அந்த வயதுக்குக் குரல் கொடுத்தவர் தெலுங்கு எழுத்தாளர் நாமினி சுப்ரமணியம் நாயுடு. மிட்டூர் என்ற ஊரின் சிறுவன் ஒருவன் தன் வீட்டு வறுமையையும் அம்மாவின் உழைப்பையும் சித்தூர்ப் பேச்சுத் தெலுங்கிலேயே சொல்லும் கதைகள் அவருடையவை. பெரியவர்களுக்கான இதழ்களில் வெளியானாலும், பேசுவது பையனின் நாக்குதான்.

தமிழில் பெரும் அதிர்வை உண்டாக்கியது இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் மாணவி, அடி வலிக்காமலிருக்க மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்து இறந்துபோகிறாள். அவளுடைய அறிவியல் ஆசிரியை தன் நூலுக்கு எழுதும் முன்னுரையாகவே கதை முழுவதும் நகர்கிறது. ஆசிரியர்களே கைக்குக் கை மாற்றிப் படித்த கதை இது.

திருப்பதிக்குப் போனவர்கள் செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி ஜோடியை வாங்கிவருவது பழைய வழக்கம். கொலுவில் முதலில் இடம்பிடிக்கும் அந்தப் பொம்மை, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் ஒரு சிறுமியிடம் பேசுகிறது. பேசும் பொம்மை கற்பனை. அது பேசும் விஷயமோ பல வீடுகளில் வாய்திறக்காத பாலியல் துன்புறுத்தல். அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லக் கூசும் பிள்ளைக்கு, கையில் அடங்கும் ஒரு மரத்துண்டைத் துணையாக்கியதில்தான் இந்நாவலின் பரிவு இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் இதற்குக் கிடைத்தது.

விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ இன்னும் நெருக்கமான இடத்தைத் தொட்டது. மாணவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கயிற்றின் நிறத்தில் சாதி ஒளிந்திருப்பதை அது பேசியது. அவருடைய ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு 2025-இல் அதே விருது வழங்கப்பட்டது. ஆனாலும் தேர்வில் தோற்றவனின் இரவும், முதல் காதலில் அகப்பட்டவளின் தவிப்பும் இவ்வகையில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.