காஞ்சியைக் கொண்டவர்களும் குன்றத்தூர்ச் சேக்கிழாரும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையில் மணிமங்கலம் என்றோர் ஊர் உண்டு. குன்றத்தூருக்குத் தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். தொழிற்சாலைப் பேருந்துகளில் பணிக்குச் சென்று திரும்பும் நம் இளைஞர் பலர் நாள்தோறும் அதனைக் கடந்து போகின்றனர். ஏறத்தாழ 1380 ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவின் இரு பேரரசர்கள் மோதிய களங்களுள் ஒன்று அவ்வூர் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

தொண்டை நாட்டின் பழைய வரலாறு, காஞ்சி யார் கையில் இருந்தது என்னும் வரலாறே எனலாம். தக்காணத்து மேட்டுநிலத்திலிருந்து இறங்கிவரும் படைக்கும், காவிரிச் சமவெளியிலிருந்து வடக்கே ஏறிவரும் படைக்கும் இடையில் கிடந்தது இந்நாடு. பாலாறும் ஏரிகளும் நெல்லைக் கொடுத்தன. கடற்கரைத் துறைகள் வாணிகத்தைக் கொடுத்தன. ஆகவே எழுந்த அரசு ஒவ்வொன்றும் இதன்மேல் கண் வைத்தது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவர்மேல் படையெடுத்து வந்தான். அவனுடைய அய்ஹொளெக் கல்வெட்டு (கி.பி. 634), பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒளியச் செய்ததாகப் பெருமை பேசுகிறது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பெரும்பகைவரை அழித்தான் என்கிறது. பகைவர் யார் என்று சொல்லவில்லை. இரு தரப்பும் வென்றதாக எழுதி வைத்தால் நாம் யாரை நம்புவது? புலிகேசி காஞ்சி வாயில்வரை வந்தான், ஆனால் காஞ்சியைக் கொள்ளவில்லை என்று கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகிறது. மகேந்திரனின் மைந்தன் நரசிம்மவர்மன் காலத்தில் சண்டை மீண்டும் மூண்டது. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசி தோற்றான் என்றும், புறங்காட்டி ஓடிய அவன் முதுகாகிய பட்டயத்தில் வெற்றி என்னும் சொல்லை நரசிம்மன் எழுதினான் என்றும் கூரம் செப்பேடு கூறும். கி.பி. 642-இல் பல்லவப் படை வாதாபியையே பிடித்தது.

அதோடு கணக்குத் தீர்ந்துவிடவில்லை. நூறாண்டு கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். ஆனால் நகரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை அக்கோயிலுக்கே திருப்பியளித்து, அச்செய்தியைக் கன்னட மொழியில் அங்கேயே தூணில் வெட்டுவித்தான். வாதாபி எரிந்த நினைவோடு வந்தவன் இவ்வாறு நடந்துகொண்டான் என்பது, போர்களே நிறைந்த அந்த நூற்றாண்டுகளில் நம்மை நின்று நோக்க வைக்கும் செய்தி.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோழன் ஆதித்தன் பல்லவன் அபராசிதனை வென்றான். தொண்டை நாடு சோழர் வசமாயிற்று. கி.பி. 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் படையால் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலேயே வீழ்ந்தான். இப்போரைப் பற்றிய செய்தி கருநாடகத்து ஆதகூர்க் கல்லில் உள்ளது. அக்கல் நடப்பட்டதோ, காட்டுப் பன்றியோடு போராடி மடிந்த காளி என்னும் வேட்டைநாய்க்காக! ஒரு பேரரசின் வாரிசு வீழ்ந்த செய்தி, ஒரு நாயின் நடுகல்லில் நமக்குக் கிடைக்கிறது. பின்னர்ச் சில காலம் தொண்டை நாட்டு ஊர்கள் தங்கள் தானங்களைக் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவனின் ஆட்சியாண்டுக் கணக்கில் தமிழில் பொறித்தன. ஆட்சி மாறியது ஊராருக்கு இவ்வாறே பதிவாயிற்று: கல்வெட்டின் தொடக்கத்தில் வேறொரு பெயர், வேறோர் ஆண்டுக் கணக்கு.

மீண்டெழுந்த சோழர் நாட்டின் பெயரையே மாற்றினர். முதலாம் இராசராசன் காலத்தில் தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. மணிமங்கலமும் இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்னும் நீண்ட பெயரைப் பெற்றது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலின் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் பல உள்ளன. கொப்பத்துப் போரைச் சொல்லும் மெய்க்கீர்த்தி அங்கே உண்டு. கூடல்சங்கமத்துப் போரைச் சொல்வதும் உண்டு. வரிவரியாக யானைகளும் குதிரைகளும் வீழ்ந்த கணக்கு முடிந்த பிறகே, கோயிலுக்கு விட்ட நிலத்தின் செய்தி வருகிறது. அரசனுக்கு முன்பகுதி முதன்மை, ஊருக்குப் பின்பகுதி. அந்த ஊர் அமைந்திருந்த செங்காட்டுக் கோட்டம், மாகனூர் நாடு என்னும் பழைய பிரிவுகள் மட்டும் புதிய மண்டலப் பெயருக்குக் கீழே அப்படியே தொடர்ந்தன. எந்த ஏரி எந்த வயலுக்குப் பாய்கிறது என்பதை அறிந்த அமைப்பை வென்றவர்கள் கலைக்கவில்லை. கலைத்திருந்தால் வரி வந்திராது.

சோழருக்குப் பின் வந்தவர்களை விரைந்து கடந்துவிடலாம்: பாண்டியர், சம்புவராயர், விசயநகரத்தார், கோல்கொண்டா, முகலாயர், ஆர்க்காட்டு நவாபு. 1763-இல் நவாபு முகமது அலி செங்கற்பட்டுச் சீமையைச் சாகீராக ஆங்கிலக் கம்பெனிக்கு வழங்கினார். 1780 செப்டம்பர் 10 அன்று, மகேந்திரன் வென்ற அதே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்புவும் ஐதரலியும் சிதைத்தனர். ஏறக்குறைய 1160 ஆண்டு இடைவெளியில் அதே வயல்கள் மீண்டும் களமாயின. இம்முறையும் போட்டி மேட்டுநிலத்து அரசுக்கும் கடற்கரை அரசுக்குமே.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே குன்றத்தூர் நமக்குத் தந்தவர் சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) அவையில் அமைச்சராக இருந்தவர். ‘உத்தமசோழப் பல்லவன்’ என்னும் பட்டம் பெற்றவர் என்பது மரபு. இப்பட்டத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். பல்லவப் பேரரசைச் சோழர் ஒழித்து ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆகியிருந்தன. தோற்றவனின் குலப்பெயர் வென்றவனின் கையால் வழங்கும் விருதாகிவிட்டது.

மேலை நாட்டிலும் இதையொத்த ஒன்று நடந்தது. 410-ஐ ஒட்டி உரோமை ஆட்சி பிரித்தானியாவை விட்டு நீங்கியபின், அங்கே சிற்றரசர்கள் தம்முள் மோதினர், சாக்சானியரோடும் போரிட்டனர். அக்காலத்தவனாகச் சொல்லப்படும் ஆர்தர் மன்னனை, மன்மத் ஊர் ஜெஃப்ரி என்னும் குருகுலத்தார் 1136-ஐ ஒட்டி இலத்தீனில் பெருங்கதையாக்கினார். அவர் 1152-இல் ஆயரானார். அவர் எழுதியதும் சேக்கிழார் எழுதியதும் ஒரே தலைமுறையில். இருவரும் தமக்குப் பல நூற்றாண்டு முந்திய குட்டி அரசுகளின் காலத்தை நோக்கியே திரும்பினர். சாக்சானியரை எதிர்த்ததாகச் சொல்லப்பட்ட ஆர்தரைப் பிற்கால இங்கிலாந்து மன்னர்களே தம் முன்னோராகக் கொண்டாடினர். ஏழாம் ஹென்றி 1486-இல் பிறந்த தன் தலைமகனுக்கு அப்பெயரையே இட்டான். உத்தமசோழப் பல்லவனை நினைவூட்டவில்லையா?

ஆயினும் ஜெஃப்ரிக்குப் போரும் முடியுமே பெருஞ்செய்தி. சேக்கிழார் வேறு வழி சென்றார். மணிமங்கலப் போர் அவர் பிறந்த ஊருக்கு அருகில் நடந்தது. வாதாபிக்குப் படை நடத்திய பரஞ்சோதியாரோ அவருடைய அடியார்களுள் ஒருவர். ஆனாலும் பெரிய புராணத்தில் வாதாபி வெற்றி ஓரிரு அடிகளில் கடந்துபோகிறது. ஏவிய மன்னனின் பெயர்கூட இல்லை. படைத்தலைவர் வாள் துறந்து சிறுத்தொண்டராகி இல்லறம் நடத்திய வரலாறே விரிகிறது. பல்லவக் குலத்து ஐயடிகள் காடவர்கோன் அந்நூலில் இடம்பெறுவதும் அரியணையைத் துறந்து தலங்கள்தோறும் சென்றதற்காகத்தான்.

பகையரசர் இருவரைப் பற்றிச் சேக்கிழார் மனம்விட்டுப் பாடிய இடம் ஒன்று உண்டு. அது சேதி நாட்டு மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிய அடியார் வேடத்தில் அரண்மனைக்குள் புகுந்தான். சுவடிக் கட்டுக்குள் மறைத்த கத்தியால் வணங்கிய அரசரைக் குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்கினான். குருதி சோர வீழ்ந்த அரசர், இவர் நம்மவர் என்று தடுத்து, எவரும் தீங்கு செய்யாமல் அவனைக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார். செய்தியறிந்து சூழ்ந்த மக்களை விலக்கி, நகரத்தைக் கடந்து, பகைவனைத் தன்னூர் நோக்கி அனுப்பிவிட்டுத் தத்தன் மீண்டான். அவன் வந்து அதைச் சொல்லும்வரை அரசர் உயிர் தாங்கிக் காத்திருந்தார்.