பொதுக்கிணறும் தனிக்கிணறும்

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்காடப்படுவது அதுதான். அறிக்கை எழுதியவர் சேரியின் நிலையைக் கண்ணால் கண்டவர். ஆனால் ஆணையை ஊரில் நடத்திவைக்க வேண்டிய மணியக்காரரும் கர்ணமும் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த சாதியினர். நிலம் கைமாறிப் போனதில் வியப்பில்லை.

1920 வாக்கில் தொழிலாளர் துறை வந்தது. வீட்டுமனை வாங்கித் தருவது, கிணறு வெட்டுவது, பள்ளிக்கூடம் திறப்பது ஆகியவை அதன் பணிகள். ஊர்க்கிணற்றில் சேரி மக்கள் வாளி இறக்க முடியாது. அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் நடந்த பள்ளிகளுக்குள் அவர்களின் பிள்ளைகள் போக முடியாது. துறை கண்ட வழி, தனிக்கிணறும் தனிப்பள்ளியும். தாகம் தீர்ந்தது, சண்டை வரவில்லை, அதிகாரிகளுக்கும் நிம்மதி. ஊர்க்கிணறு மட்டும் இருந்தபடியே இருந்தது.

சட்டமன்றத்துக்குள் நியமன உறுப்பினர்களாகத் தாழ்த்தப்பட்டோரே வந்து அமர்ந்த பிறகுதான் கேள்வி மாறியது. எம்.சி. ராஜா 1922-இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றத் தீர்மானம் கொண்டுவந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் கொண்டுவந்த தீர்மானம் இன்னும் நேரடியானது: பொதுத் தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் தடையின்றிப் புழங்கலாம். இது புதிதாக ஒரு கிணற்றைக் கேட்கவில்லை, இருக்கும் கிணற்றைக் கேட்டது. துறைக்குத் தோன்றாத தீர்வு இது. தோன்றியிருந்தாலும் கேட்கத் துணிந்திருக்காது. கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் போன்றோர், தடுப்பவருக்குத் தண்டம் வேண்டும் என்று உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தவும் முயன்றனர்.

தீர்மானம் ஊர்களுக்கு எளிதில் வந்து சேரவில்லை. நியமன உறுப்பினருக்குப் பின்னால் வாக்கு வங்கி கிடையாது. ராஜா கொண்டுவந்த குடிமை இயலாமை நீக்கச் சட்டம் 1938-இல் நிறைவேறியது. அதே ஆண்டு அவருடைய கோயில் நுழைவு மசோதா, ராஜாஜி அமைச்சரவையின் ஆதரவு இல்லாமல் தோற்றது. மாகாணம் முழுவதிலும் கோயில் நுழைவை உரிமையாக்கிய சட்டம் 1947-இல்தான் வந்தது.

சட்டம் வந்தும் எல்லாக் கோயில்களின் கதவும் உடனே திறக்கவில்லை. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில், அறநிலையத் துறைக்கு உட்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முதலாகச் சென்றது 2023 ஜனவரி 30-இல், போலீஸ் பாதுகாப்போடு.

தொழிலாளர் துறைப் பள்ளிகளின் வழிவந்தவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 மார்ச் நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது, தலித் அமைப்புகளிடையே ஒரே குரல் எழவில்லை. ஒதுக்கிவைத்த பள்ளி ஒழியட்டும் என்றனர் சிலர். தனி நிதியும் தனிப் பொறுப்பும் கைநழுவும் என்று எதிர்த்தனர் வேறு சிலர்.