ஒரே வீடு, இரண்டு வாசல்

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பில்லை. ஆனால் இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. நான் பள்ளியில் பிரெஞ்சு வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இதற்கு விதை போட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நிறுவனத்துக்கு ஓர் ஆய்வு மையம் இருந்தது. அங்கே ராபர்ட் க்ரீஸி தலைமையில் 1964இல் தொடங்கிய வேலைதான் சிபி-40. 1967 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே எந்திரத்தில் 14 மெய்நிகர் எந்திரங்கள் வரை ஓடும். ஒவ்வொருவரும் முழு எந்திரமும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். 1972இல் இதன் வாரிசு விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'மஷின் விர்த்துயெல்' என்பார்கள். கம்ப்யூட்டருக்கு அவர்கள் வைத்திருக்கும் 'ஒர்தினத்தேர்' என்ற பெயரும் 1955இல் ஐபிஎம்மின் பிரான்ஸ் கிளைக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்ததுதான்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த வித்தை வர வெகு காலம் ஆயிற்று. இன்டெல் சிப்பின் சில கட்டளைகள் இதற்கு ஒத்துழைக்காது. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் அந்தக் கட்டளைகளை மட்டும் ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. இன்டெல்லே சிப்புக்குள் அதற்கு வழி செய்தது 2005இல்தான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 2006 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் இன்டெல் சிப் போட்ட மேக்கை வெளியிட்டது. உடனே, அதில் விண்டோஸை ஏற்றிக் காட்டுபவருக்குப் பரிசு என்று ஆர்வலர்கள் பணம் வசூல் செய்தார்கள். 13,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. மார்ச்சில் அதை இரண்டு பேர் தட்டிக்கொண்டு போனார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி ஆப்பிளே பூட் கேம்ப் என்ற மென்பொருளைக் கொடுத்துவிட்டது. டிஸ்க்கில் ஒரு பகுதியைப் பிரித்து, அதில் விண்டோஸை வைத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதிக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். பிரெஞ்சில் அதே சொல்லுக்கு இசைக் குறிப்பேடு என்றும் பொருள் உண்டு. ஆனால் இதில் சுருதி சேர்வது அவ்வளவு சுலபமில்லை.

பூட் கேம்ப்பில் மேக்கை அணைத்துத்தான் விண்டோஸுக்குப் போக முடியும். அந்தச் சிரமம் வேண்டாம் என்று, அதே பார்ட்டிஷனை மேக்குக்கு உள்ளேயே ஒரு ஜன்னலில் திறக்கும் வசதியை 2007இல் பேரலல்ஸும் விஎம்வேர் ஃப்யூஷனும் கொடுத்தன. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை அங்கேதான் பிறந்தது.

நேர் வாசலில் வரும்போது விண்டோஸ் பார்ப்பது ஆப்பிளின் நிஜ உறுப்புகளை. பக்க வாசலில் வந்தால் மென்பொருள் காட்டும் பொய்யான உறுப்புகள். நம்மை வேறு எந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று அது சந்தேகப்பட்டு, மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹைபர்னேட்டில் விண்டோஸ் தன் நினைவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் மற்ற வாசல் வழியே திறந்து ஃபைல்களை மாற்றினால், எழுந்ததும் அதன் நினைவு ஒன்றாகவும் டிஸ்க் வேறாகவும் இருக்கும். ஆகவே எப்போதும் முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் வாசல் மாற வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு அது உடனே புரியும். அந்தக் கால மேக்கின் டிஸ்க்கில் இரண்டு பதிவேடுகள். மேக் படிப்பது ஜிபிடி. விண்டோஸ் படிப்பது எம்பிஆர் என்ற பழைய ஏடு, அதில் நான்கு வரிகளுக்கே இடம். இஎஃப்ஐ, மேக், விண்டோஸ் என்று மூன்று வரி போயிற்று. 2011இல் லயன் பதிப்பு வந்தபோது ரிக்கவரி என்று நான்காவதும் புகுந்துகொண்டது. அதன்பின் யாராவது ஐந்தாவதாக ஒரு பகுதி பிரித்தால் இரண்டு ஏடுகளும் ஒத்துப்போகாது. விண்டோஸ் கிளம்பாது, மெய்நிகர் எந்திரமும் பார்ட்டிஷனைக் காணோம் என்று சொல்லும்.

என் மகன் கொடுத்த பழைய மேக்கில் இதுதான் நடந்தது. பேரன் பாட்டுக்கும் படத்துக்கும் என்று ஒரு பகுதி பிரித்திருந்தான். என் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும், அதில் பல வருடங்களாக அடித்து வைத்த கட்டுரைகளும் விண்டோஸ் பக்கம் இருந்தன. பழுது பார்க்கும் கடையில், "எல்லாம் போச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்கள். நான் ஒப்பவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக ஆளே இல்லை என்று ஆகிவிடுமா? பென்ஷன் ஃபைல்களில் எத்தனை பார்த்திருக்கிறேன்!

பேரன் தன் பகுதியிலிருந்ததை வெளியே எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியை நீக்கினான். ஜிடிஸ்க் என்ற இலவசக் கருவியால் எம்பிஆர் ஏட்டைப் புதிதாக எழுதினோம். விண்டோஸ் நேர் வாசலில் வந்துவிட்டது. பக்க வாசல் மட்டும் திறக்கவில்லை. மெய்நிகர் மென்பொருள் பழைய ஏட்டின் நகலையே கையில் வைத்திருந்ததுதான் காரணம். அந்த மெய்நிகர் எந்திரத்தை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கினோம். பயப்பட வேண்டாம், பூட் கேம்ப் பகுதியைப் பொறுத்தவரை அது வெறும் சுட்டுக் குறிப்புதான், அதை நீக்கினால் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் நகல் எடுத்த பிறகே கை வையுங்கள்.

பிந்தைய மேக்குகளில் இந்த இரட்டை ஏடு ஒழிந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த சிப்பான எம்1க்கு மாறியபோது பூட் கேம்ப்பே போயிற்று. அவற்றில் பக்க வாசல் மட்டும்தான், அதுவும் ஆர்ம் சிப்புக்கான விண்டோஸுக்கு.

என் கட்டுரைகள் இப்போது ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. அவற்றைப் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒற்றெழுத்துகள்தான் படுத்துகின்றன.